அமைச்சர் நிற்கும்போது

பாதுகாப்பு அமைச்சர் நேரில் வருகிறார் என்று செய்தி வந்ததும் முதல் காரியமாக முத்துநாயகத்தின் வாழைகளை வெட்டிச் சாய்த்தார்கள். ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டுமாம். தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் நடுவே கிடக்கிற ஈத்தவிளையில் அவ்வளவு சமமான தரை வேறெங்கும் இல்லையாம். குலை தள்ளி நின்ற நேந்திரன் வாழைகள், இன்னும் கொஞ்ச நாளில் சந்தைக்குப் போக வேண்டியவை. வேறொரு நாளாக இருந்தால் முத்துநாயகம் வெட்டுக்கத்தியோடு குறுக்கே போய் நின்றிருப்பார். அவர் வாய்க்குப் பயந்து பஞ்சாயத்து ஆபீசில் மின்விசிறியைக்கூட மெல்லச் சுற்ற விடுவார்கள் என்று ஊரில் கேலி உண்டு. அன்றைக்கு அவர் முற்றத்துப் பந்தலில், மூவர்ணக்கொடி போர்த்திய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள்ளே அவருடைய ஒரே மகன் சிவபிரசாத் இருந்தான். வாழை விழுகிற சத்தம் காதில் விழத்தான் செய்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

சிவபிரசாத் பட்டாளத்தில் நாயக். எல்லையில் மலையேறிப் போன இடத்தில் கண்ணிவெடி. தகப்பனிடம் சொன்னது அவ்வளவுதான். பெட்டி திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து வண்டியில் களியக்காவிளை தாண்டி, விடிந்த கையோடு வீடு வந்து சேர்ந்தது. கூடவே வந்தவன் சிஜின். அதே படைப்பிரிவில் ஹவில்தார், சிவபிரசாத்தைவிட மூத்தவன், களியக்காவிளைப் பக்கத்துக்காரன். வந்ததிலிருந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றான். கட்டங்காப்பி கொடுத்தாலும் நின்றே குடித்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மக்கா, பெட்டிய எப்பம் தொறக்கது?" என்று முத்துநாயகம் கேட்டார்.

"ஆர்டர் இல்லப்பா," என்றான் சிஜின்.

அய்யாவழிக் குடும்பம் அது. அய்யாவழிக்காரர்கள் செத்தவரை எரிப்பதில்லை, படுக்க வைப்பதும் இல்லை. குளிப்பாட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு, சம்மணம் கூட்டி, வடக்கே பார்க்க உட்கார வைத்து மண்ணால் மூடுவார்கள். தர்மயுகம் பிறக்கும்போது எழுந்து வர வேண்டியவர் அல்லவா, மல்லாந்து கிடந்தால் எப்படி? முத்துநாயகத்தின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே, அப்படித்தான் வடக்கே பார்த்து இருக்கிறார்கள். அந்த வரிசையில் சிவபிரசாத்துக்கும் குழி வெட்டியாகிவிட்டது. அய்யாவைக் கும்பிடுகிற ஊர் நிழல்தாங்கலில் பணிவிடை செய்கிற நாராயணவடிவு கயிறு பிடித்து வடக்குப் பார்த்துக் கொடுத்தார். நல்ல சதுரக்குழி, ஓர் ஆள் உட்கார்ந்தால் தலைக்கு மேலே தாராளமாக இடம் இருக்கும். சிவபிரசாத்தின் அம்மா பகவதியம்மாள் நாமக்கட்டியை உரைத்துக் கிண்ணத்தில் எடுத்து, காய்ந்துவிடாமல் ஈரத்துணி போட்டு மூடிக் கையிலேயே வைத்திருந்தாள்.

இனி மகனைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும், நாமம் இட வேண்டும், உட்கார வைக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் பூமியில் வேறு ஜோலி எதுவும் மிச்சம் இல்லை.

ராஜகுமார் வந்தது அப்போதுதான். அமைச்சரின் நெறிமுறை அதிகாரி. அமைச்சர் எங்கே நிற்பார், எந்தக் கையால் மலர்வளையத்தைத் தொடுவார், எவ்வளவு நேரம் தலை குனிவார் என்பதையெல்லாம் முன்னாலேயே வந்து ஏற்பாடு செய்கிறவர். நல்ல மனுஷர், இல்லாததைச் சொல்லக் கூடாது. குரலை உயர்த்தவே மாட்டார். முத்துநாயகத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அமைச்சகத்தின் ஆழ்ந்த வருத்தத்தை அமைச்சர் பிறகு தெரிவிப்பார். அதுவரைக்கும் என்னுடைய வருத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள்," என்றார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

குழியைச் சுற்றி வந்தார். நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஐயா, இதில் பெட்டி இறங்காதே."

"பெட்டிய யாரு சாரே வைக்கப் போறது? எனக்க மகனையாக்கும்."

"பெட்டி தனி, மகன் தனி என்று நெறிமுறையில் இல்லையே ஐயா. இரண்டும் சேர்ந்துதான் ஒரு பொருளாக வருகிறது."

நாராயணவடிவு முன்னால் வந்து, பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னார். எழுப்பி, சம்மணம் கூட்டி, வடக்கே பார்க்க வைக்கிற முறை. ராஜகுமார் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார். வடக்கு எது என்று கேட்டார். கையைக் காட்டினார்கள். அங்கே அமைச்சர் நிற்பதற்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அமைச்சர் அவசரத்துக்கு ஒதுங்குவதற்கான கூடாரம்.

"அப்படியானால் உங்கள் மகன் அமைச்சருக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்."

"இருக்கட்டும் சாரே. நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்," என்றார் முத்துநாயகம்.

"அமைச்சர் நின்றுகொண்டிருப்பார், ஐயா."

"நின்னாரு, அதுக்கு?"

ராஜகுமார் கொஞ்சம் தயங்கினார். துக்க வீட்டில் சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்ற சங்கடம் அவருக்கு இருந்தது. "அமைச்சர் நிற்கும்போது நாயக் பதவியில் இருப்பவர் உட்கார்ந்திருப்பது மரபு அல்ல. படுத்திருக்கலாம். அதற்கு முன்னுதாரணம் ஏராளமாக இருக்கிறது."

முத்துநாயகம் அவரையே பார்த்தார். இவர் தமாஷ் பண்ணுகிறாரா என்று முதலில் ஒரு சந்தேகம். அந்த முகத்தில் தமாஷின் நிழல்கூட இல்லை. பக்கத்தில் நின்ற வார்டு மெம்பர் செல்வதாஸ்தான் வாயைத் திறந்தார்.

"சாரே, செத்தவன் எழும்பி நிக்கணும்னு சொல்லுதியளா?"

"சேச்சே! அப்படி யாரும் எதிர்பார்க்கவில்லை," என்றார் ராஜகுமார் பதறிப்போய். "நிற்க வேண்டிய அவசியமே இல்லை. உட்காராமல் இருந்தால் போதும்."

டெல்லிக்குப் போன் போட்டார். அமைச்சர் போன பிறகு உட்கார வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் அமைச்சர் வருவதற்கு முன்னால் பெட்டியைத் திறக்கக் கூடாது, கொடி போர்த்தியபடி படத்தில் வர வேண்டும் என்று பதில் வந்தது. அப்படியானால் குழி திறந்து கிடக்குமே, அது படத்தில் வரலாமா என்று இவர் கேட்டார். குழி திறந்து கிடப்பது பாதுகாப்புக் குறைபாடு, அமைச்சர் தவறி விழுந்தால் யார் பொறுப்பு என்று அங்கிருந்து கேட்டார்கள். பொதுப்பணித் துறை ஆட்கள் பலகை கொண்டுவந்து குழியை மூடி, அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் டெல்லிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஐயா, உங்களுக்காக ஒரு சலுகை கிடைக்கும்போல இருக்கிறது," என்று ராஜகுமார் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "காலில் அடிபட்ட வீரர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அமைச்சருக்கு சல்யூட் வைத்திருக்கிறார்கள். அந்த முன்னுதாரணத்தை இங்கே பொருத்தலாமாம். உங்கள் மகன் உட்கார்ந்தபடி சல்யூட் வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்."

"செத்தவன் எப்பிடி சாரே சல்யூட் அடிப்பான்?" என்று கேட்டார் முத்துநாயகம்.

"அதைத்தான் நானும் கேட்டேன். விளக்கம் வரும்."

பெட்டியின் தலைமாட்டில் நின்ற சிஜின் தொப்பியைக் கழற்றினான், மறுபடியும் போட்டுக்கொண்டான். ஏதோ சொல்ல வந்தவன் போல ஓர் அடி எடுத்து வைத்து, பின்னால் போய்விட்டான். அதை யாரும் கவனிக்கவில்லை. பகவதியம்மாள் மட்டும் கவனித்தாள்.

அப்புறம் ஒத்திகை. அமைச்சர் வருகிற இடத்தில் எதையும் ஒத்திகை பார்க்காமல் விடுவதில்லையாம், துக்கத்தையும்தான். உடல்வாகு பொருந்தியதால் செல்வதாஸை அமைச்சராக நிறுத்தினார்கள். மனுஷர் முதலில் கொஞ்சம் குஷியாகத்தான் போனார், அதையும் மறைப்பானேன். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார், கம்பளத்தின்மேல் நடந்தார், முத்துநாயகத்தின் தோளில் கையை வைத்தார். அந்த இடத்தில், 'நாடு உங்கள் மகனுக்குக் கடன்பட்டிருக்கிறது' என்று அவர் சொல்ல வேண்டும்.

"நாடு," என்றார் செல்வதாஸ். பெட்டியைப் பார்த்தார். "நாடு உங்க மகனுக்கு..." என்றார். அதற்குமேல் வரவில்லை. "முத்துநாயகம் அண்ணே, எனக்க சைக்கிள்ள குரங்குப்பெடல் போட்டு, பனையில கொண்டு இடிச்சவனில்லா அவன்," என்று முத்துநாயகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பந்தலே அழுதது.

ராஜகுமார் காத்திருந்தார். ஓய்ந்த பிறகு, "அமைச்சர் அழ மாட்டார். மறுபடியும் மேடையிலிருந்து வருவோம்," என்றார். செல்வதாஸால் முடியவில்லை. கடைசியில் சிவபிரசாத்தைப் பார்த்தே அறியாத ஓர் இன்ஜினியரைப் பிடித்துவந்து அமைச்சராக்கினார்கள். அவர் ஒரு பிசகும் இல்லாமல் நடித்தார்.

முத்துநாயகத்துக்கும் பாடம் நடந்தது. கொடியை மடித்துக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கும்பிடக் கூடாது, கும்பிட்டால் கொடி கீழே விழுந்துவிடும். பகவதியம்மாள் அமைச்சர் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். அழுகை வந்தால் பியூகிள் முடிந்த பிறகு அழலாம், மைக் இருக்கிற பக்கமாகத் திரும்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் அவர் சரி சரி என்றார். சரி என்று சொன்னால் சீக்கிரம் முடியும், முடிந்தால் பெட்டியைத் திறப்பார்கள் என்று அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்கு ஒரு கணக்கு.

மதியம் தாண்டியது. அமைச்சர் வரவில்லை. பெட்டியைச் சுற்றி ஐஸ் வைத்து மாற்றினார்கள். சும்மா இருக்க முடியாமல் முத்துநாயகம் ராஜகுமாரிடம் கேட்டார்.

"சாரே, நான் படிக்காதவன், கோவிக்கப்பிடாது. இந்த மந்திரி சாருக்கு என்ன ஜோலி?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை காலம் காத்திருந்தாரோ! ராஜகுமாரின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்ல கேள்வி. முப்படைகளுக்கும் தலைவர் குடியரசுத் தலைவர். அமைச்சர் இல்லை. போர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது அமைச்சரவை. அதுவும் அமைச்சர் தனியாக இல்லை. சண்டை போடுவது தளபதிகள். ஆயுதம் வாங்குவதற்குக் குழுக்கள் இருக்கின்றன."

"அப்பம் இவரு என்னதான் செய்யாரு?"

"பொறுப்பு, ஐயா. மொத்தப் பொறுப்பும் அவருடையது."

"அப்பம் எனக்க மகன் செத்ததுக்கு..."

"அந்தப் பொறுப்பு இல்லை," என்றார் ராஜகுமார், கனிவாக. "அது வேறு. இது அரசியல் சட்டப் பொறுப்பு. தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் இருக்கும். சுதந்திரம் கிடைத்ததிலிருந்து எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். வக்கீல்கள், விவசாயிகள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், எல்லா மாநிலத்துக்காரர்களும். எத்தனை எல்லைச் சண்டைகள் வந்தன! அந்த நாற்காலியில் இருந்த ஒருத்தருக்காவது சண்டையில் ஒரு கீறல் விழுந்ததாகச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். நம் நாட்டுப் பாதுகாப்பு அவ்வளவு பலமானது."

முத்துநாயகம் பெட்டியைப் பார்த்தார். "கொள்ளாம் சாரே, நல்லதுதான்," என்றார்.

வெயில் சாயத் தொடங்கியபோது மேற்கே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பந்தல் படபடத்தது. வாழைச் சருகு பறந்துவந்து கொடியின்மேல் விழுந்தது, பகவதியம்மாள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். எல்லாரும் நெறிமுறைப்படி எழுந்து நின்றார்கள். சரியாக அந்த நேரத்தில் ராஜகுமாருக்குப் போன் வந்தது. அவர் கேட்டார். மறுபடியும் கேட்டார். போனை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அமைச்சரவையை மாற்றிவிட்டார்கள்," என்றார்.

விஷயம் இதுதான். அமைச்சர் திருவனந்தபுரத்தில் ஹெலிகாப்டர் ஏறும்போது பாதுகாப்பு அமைச்சர். பாறசாலையைத் தாண்டுவதற்குள் அந்த இலாகாவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவருக்கு உணவு பதப்படுத்தும் இலாகாவைக் கொடுத்துவிட்டார்கள். புதியவர் உடனே பொறுப்பேற்கவில்லை. அவருடைய ஜோசியர் அடுத்த நாள் காலையில்தான் நல்ல நேரம் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பம் இப்பம் யாரு பாதுகாப்பு மந்திரி?" என்று செல்வதாஸ் கேட்டார்.

"இந்த நிமிஷத்தில்," என்றார் ராஜகுமார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை."

"நாட்டுக்கு ஏதாவது கேடு உண்டுமா சாரே?"

"யாருக்கும் தெரியாது. அதனால் கேடு இல்லை."

ஹெலிகாப்டர் இறங்கிவிட்டது. வந்த மனுஷரைத் திருப்பி அனுப்ப முடியுமா? அவர் கம்பளத்தில் நடந்து வந்தார். வயதானவர், களைத்த முகம், அவருக்கும் போனில்தான் சொல்லியிருக்கிறார்கள். 'பாதுகாப்பு அமைச்சர்' என்று தங்க எழுத்தில் எழுதிய மலர்வளையம் ஒரு நாற்காலியில் தயாராக இருந்தது. அதைத் தொடுவதற்கு இப்போது அவருக்கு அதிகாரம் இல்லை. தொடுவதற்கு அதிகாரம் உள்ளவர் யாரும் இல்லை. ஆகவே அதற்கு ஒரு போலீஸ்காரரைக் காவல் போட்டார்கள். அமைச்சர் வெறுங்கையோடு பெட்டி முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு மைக்குக்குப் போனார். அவர் இந்தியில் பேசப் பேச, ராஜகுமார் தமிழில் சொன்னார்.

"நான் புறப்படும்போது உங்கள் பாதுகாப்பு அமைச்சராகப் புறப்பட்டேன். வழியில் நாடு எனக்கு வேறு கடமையைக் கொடுத்திருக்கிறது. இலாகா மாறினாலும் என் துக்கம் மாறவில்லை. அதே துக்கத்தை இந்த இலாகாவிலிருந்தும் தெரிவித்துக்கொள்கிறேன். பாதுகாப்புத் துறையில் இருந்தபோது நான் வீரர்களின் வீடுகளுக்கு ஓயாமல் போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் இத்தனை வீடுகளுக்குப் போனதில்லை. என் காலத்தில்தான் இத்தனை வீடுகளுக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தது."

யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அமைச்சர் நிமிர்ந்து வாழை வெட்டிய விளையைப் பார்த்தார்.

"இறங்கும்போது கவனித்தேன். எவ்வளவு வாழைக்காய் தரையில் வீணாகக் கிடக்கிறது! மனம் பதறுகிறது. பதப்படுத்தினால் உலகம் முழுக்க அனுப்பலாம். இந்த வீரனின் பெயரால் இந்த மண்ணில் ஒரு சிப்ஸ் ஆலை வர முழு முயற்சி எடுப்பேன் என்று அவர் பெற்றோருக்கு உறுதி சொல்கிறேன்."

முத்துநாயகம் ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றார். கொடி இன்னும் பெட்டியின்மேல்தான் இருந்தது. அதை யார் கொடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பட்டாளத்துக்காரர்கள்தான், யாரிடமும் கேட்காமல், வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பியூகிள் ஊதினார்கள். கொடியை மடித்து அவர்களுடைய சுபேதார் கொண்டுவந்து முத்துநாயகத்தின் கையில் வைத்து, விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அந்த ஒரு மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். ஹெலிகாப்டர் போனது. அமைச்சர் போனதும் கலெக்டர், கலெக்டர் போனதும் டிவிக்காரர்கள், அவர்களோடு போலீஸ். மேடையைக் கழற்றினார்கள், கூடாரத்தைச் சுருட்டினார்கள், கம்பளத்தையும் குழிமேல் போட்ட பலகையையும் லாரியில் ஏற்றினார்கள். மலர்வளையத்தை ராஜகுமார் தன் வண்டியின் பின்சீட்டில் வைத்துக்கொண்டார். அது யாருடையது என்று முடிவாகும்வரை அரசாங்கத்தின் பொருள். போகும்போது முத்துநாயகத்தின் கையைப் பிடித்து, "நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. இனி உங்கள் விருப்பம் ஐயா. இப்போது அவர் தாராளமாக உட்காரலாம்," என்றார்.

பந்தலில் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் மட்டும் இருந்தார்கள். முத்துநாயகம் கொடியை மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். காலையிலிருந்து குனிந்து கிடந்த மனுஷன் அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தெம்புகூட வந்திருந்தது, ஐயோ.

"ஏலே செல்வதாஸ், கொஞ்சம் வெந்நி கொண்டா. அவனுக்கு குளிந்த தண்ணி ஆவாது. நாராயணவடிவு அண்ணே, நீங்க தோளப் பிடிச்சுக்கிடுங்க, நான் கால எடுக்கேன். மக்கா சிஜின், இனி தொறக்கலாமில்லா? யாரும் இல்லல்லா?"

சிஜின் பெட்டியை விட்டு நகரவில்லை.

"வேண்டாம்ப்பா."

"ஆர்டர் குடுத்துட்டாரு மக்கா. நீயும் கேட்டியே. உக்காரலாம்னு சொல்லிட்டுத்தானே போனாரு."

"அப்பா," என்றான் சிஜின். "அவரு பெட்டிக்க உள்ள என்ன உண்டுன்னு கேக்கல்ல. யாரும் கேக்கல்ல. உக்காரலாமா, உக்காரப்பிடாதா, அதத்தான் காலையிலேருந்து பேசினாவ. உக்காருகதுக்கு ஆளு உண்டான்னு ஒருத்தரும் கேக்கல்லப்பா."

முத்துநாயகத்துக்கு அது உடனே புரியவில்லை. சிஜினின் தோளில் கையை வைத்து, பக்குவமாகத்தான் கேட்டார். "காலு போச்சா மக்கா? சம்மணம் கூட்ட முடியாதா? பரவாயில்ல, நாம சாய்ச்சு இருத்திக்கிடலாம்."

"கண்ணிவெடியாக்கும்ப்பா. அவன் நேரே அதுக்க மேல..." சிஜின் நிறுத்தினான். "நான்தான் பெறக்கினேன். கெடச்சத துணியில கெட்டி வச்சிருக்கு. மிச்சத்துக்கு மண்ணு நெறச்சு வச்சிருக்கு, பெட்டி கனமா இருக்கணும்னு. தூக்குகவங்களுக்கு தெரியப்பிடாதுன்னு."

வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்த செல்வதாஸ் அப்படியே கீழே வைத்தார். முத்துநாயகம் பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அழுகை வருவதற்குக்கூட மனுஷனுக்கு ஒரு பிடி வேண்டாமா? அவருக்கு அது கிடைக்கவில்லை.

பகவதியம்மாள் எழுந்து வந்தாள். காலையிலிருந்து கையில் இருந்த கிண்ணம் அப்போதும் கையில் இருந்தது.

"மக்கா சிஜின், எனக்கு நெத்தி மட்டும் போதும்," என்றாள். "நெத்தி உண்டா?"

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "இல்லம்மா," என்றான். "எனக்கு தெரியல்லம்மா. எது என்னன்னு ஒண்ணும் தெரியல்ல. நான் பாத்து பாத்துத்தான் எடுத்தேன். என்னய மன்னிக்கணும்மா."

அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "தொற," என்றாள்.

திறந்தார்கள். மண் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு கைக்குழந்தையின் அளவுக்கு, வெள்ளைத் துணியில் கட்டிய பொதி ஒன்று இருந்தது. முத்துநாயகம் அதை இரண்டு கையாலும் எடுத்தார். மாரோடு அணைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. "எனக்க மக்கா, எனக்க பொன்னு மக்கா, வந்துட்டியா," என்று அவர் அழுததைக் கேட்டுத் திருவட்டாறு ரோட்டில் போன பஸ்ஸே நின்றது என்று பிற்பாடு சொன்னார்கள். நானென்ன கண்டேன், நின்றிருக்கும்.

குழிக்குப் போனார்கள். முத்துநாயகமே உள்ளே இறங்கினார். நாராயணவடிவு குழியின் விளிம்பில் குந்தி, அய்யாவின் பெயரைச் சொல்லி, பொதியை வாங்கிக் கீழே கொடுக்கப் போனார். கொடுக்கும்போது அவருக்கே கை நின்றுவிட்டது. எத்தனையோ பேரை உட்கார வைத்தவர், வடக்கைக் கண்ணை மூடிக்கொண்டே காட்டுகிறவர். வடக்கு அங்கேதான் இருந்தது. இதில் முகம் எந்தப் பக்கம்?

அவர் சிஜினைப் பார்த்தார். சிஜின் முகத்தைப் பொத்திக்கொண்டான். கீழே முத்துநாயகம் கைகளை உயர்த்திக் காத்துக்கொண்டு நின்றார்.

"இங்கோட்டு தாங்க," என்றாள் பகவதியம்மாள்.

விளிம்பில் உட்கார்ந்து பொதியை மடியில் வாங்கினாள். கிண்ணத்தின் ஈரத்துணியை எடுத்தாள். நாமம் காயவில்லை. விரலில் தொட்டு ஒரு பக்கம் இட்டாள். பிறகு பொதியைக் கொஞ்சம் திருப்பி அந்தப் பக்கம் இட்டாள். இன்னும் திருப்பினாள். மேலே, கீழே, முடிச்சின் ஓரத்தில், துணி மடிந்திருந்த இடத்தில், கிண்ணம் காலியாகும்வரை இட்டுக்கொண்டே இருந்தாள். நாமம் இல்லாத பக்கமே இல்லை என்று ஆன பிறகு புருஷனிடம் நீட்டினாள்.

"எல்லா பக்கமும் இட்டாச்சு," என்றாள். "நீங்க இருத்துங்க. இனி எப்பிடி இருத்தினாலும் அவன் வடக்கதான் பாப்பான்."